புல்வெளிக்கு உரம் வேண்டாம்: நீலகிரியில் புல்வெளி மீட்கக் கிளம்பியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வனத்துறை அலுவலர்கள், தன்னார்வ அமைப்பினர், இந்தப் பணிக்கு நிதி கொடுக்கும் நிறுவனத்தார் அனைவருக்கும் வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புல்வெளி மீட்புக்கென்று நீங்கள் போடும் எஸ்டிமேட்டில் யூரியா, மணிச்சத்து நிறைந்த டி.ஏ.பி., காம்ப்ளக்ஸ், டோலமைட் சுண்ணாம்பு, சமவெளியிலிருந்து லாரியில் ஏறி வரும் செம்மண், தொழு உரம் என்று எந்த வரி இருந்தாலும் அதை அடித்துவிடுங்கள். மிச்சமாகும் பணத்தை, அந்நிய மரமான சீகையின் (வாட்டில்) நாற்றைப் பிடுங்கும் ஆட்களுக்குக் கூலியாகக் கொடுங்கள். ஏன் என்பதுதான் மீதிக் கடிதம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் குந்தாப் பக்கம் கேரட்டும் உருளையும் போடுகிறவன். கொட்டகையில் எப்போதும் நாலு மூட்டை உரம் கிடக்கும். அதனால் உரத்தையே வெறுக்கிற ஆள் எழுதுகிறான் என்று நினைக்க வேண்டாம். சமீபத்தில் மீட்பு வேலை நடந்த ஒரு சரிவுக்குப் போயிருந்தேன். சீகை வெட்டி எடுத்த இடத்தில் வரிசையாகக் குழி, குழிக்கு ஒரு கைப்பிடி டி.ஏ.பி., ஒரு கூடை எரு, அதன்மேல் பாலித்தீன் பையிலிருந்து பிரித்து வைத்த புல் நாற்று. யார் செய்தது என்பது இங்கே முக்கியமில்லை, நல்ல மனதோடுதான் செய்தார்கள். “மண்ணுல சத்தே இல்லைங்க, டெஸ்ட் ரிப்போர்ட்டைப் பாருங்க” என்றார் அங்கிருந்த மேற்பார்வையாளர். ரிப்போர்ட் சொன்னது சரி. அதை வைத்து எடுத்த முடிவுதான் எனக்கு உறுத்தியது.

நீங்கள் செய்கிற வேலையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ‘வெறும் தரை’ என்று ஒதுக்கி, கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் பைனும் நட்டுத் தள்ளிய நிலத்தைப் புல்வெளி என்று பெயர் சொல்லி மீட்கிற காலம் வந்திருப்பதே பெரிய விஷயம். 2022-ல் தமிழ்நாடு அரசு அந்நியத் தாவரங்களை அகற்றத் தனிக் கொள்கை கொண்டுவந்தது. 2023-ல் தொடங்கிய வரையாட்டுத் திட்டத்தில் புல்வெளி மீட்பும் ஓர் அங்கம். பழனி மலையில் 1973-க்கும் 2014-க்கும் நடுவில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்கள். நம் பக்கமும் ஊட்டிக்கு அருகே வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் நின்று சுற்றிப் பார்த்தால் கணக்கு தானாகப் புரியும். மரம் நடுவதற்கு மட்டுமே இலக்கு வைத்துப் பழகிய ஊரில், புல்லுக்காக மரம் வெட்டச் சொல்லும் ஆணையைக் கையில் வைத்திருக்கிறீர்கள். அந்த வாய்ப்பு டி.ஏ.பி. மூட்டையில் வீணாகக் கூடாது.

இந்தப் புல்வெளி, காட்டை அழித்ததால் வந்ததும் இல்லை. நம் நீலகிரியின் சாண்டிநல்லா சதுப்பில் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும் கரிய மண்ணில் கார்பன் ஐசோடோப்புகளை அளந்து, 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே புல் இருந்தது என்று 1990-களிலேயே காட்டிவிட்டார்கள். குளிரும் மழையும் மாற மாறப் புல்லும் சோலையும் மாறி மாறி ஏறி இறங்கியிருக்கின்றன. இத்தனை காலம் யாரும் ஒரு பிடி உரம் போடவில்லை. அப்படியானால் எப்படிப் பிழைத்தது?

மண்ணிலிருந்து தொடங்குவோம். நம் மலையின் அடிப்பாறை சார்னோக்கைட். அது உதிர்ந்து மண்ணாகி, யுகம் யுகமாக மழையில் கழுவப்பட்டதில் சுண்ணாம்பு, மக்னீசியம், பொட்டாசியம் போன்றவை பெரும்பாலும் கரைந்து கீழே போய்விட்டன. கரையாமல் நின்றது இரும்பும் அலுமினியமும். ரோடு வெட்டிய இடங்களில் தெரியும் சிவப்பு அதுதான். அதற்கு மேலே ஓரடி, இரண்டடி கறுப்பு மண். வெளியூர்க்காரர்கள் அந்தக் கறுப்பைப் பார்த்துவிட்டு ‘என்ன வளமான மண்’ என்பார்கள். கறுப்பாக இருப்பதற்குக் காரணம், மக்கிய புல்லும் வேரும் அலுமினியத்தோடு பிணைந்து, குளிரில் சீக்கிரம் சிதையாமல் தங்கிவிடுவது. சமவெளி வயல்களைவிடப் பல மடங்கு கரிமச்சத்து இதில் உண்டு. ஆனால் உள்ளே கட்டுண்டு கிடக்கும் சத்து வேர் கேட்டவுடன் வெளியே வராது. மண்ணும் புளித்த மண். கார அமில நிலை 5-ஐ ஒட்டியே நிற்கும். அந்த அமிலத்தில் அலுமினியம் கரைந்து, பழக்கமில்லாத செடியின் வேர் நுனியைக் கருக்கிவிடும்.

இதில் மணிச்சத்தின், அதாவது பாஸ்பரஸின், கதை தனி. பாஸ்பரஸைக் கொண்டுபோய் இந்த மண்ணில் போட்டால் இரும்பும் அலுமினியமும் அதைப் பிடித்துக்கொண்டு விடாது. மலை உருளைக்கு வேளாண் பல்கலைக்கழகம் எக்டேருக்கு 120 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்), 240 கிலோ மணிச்சத்து, 120 கிலோ சாம்பல் சத்து (பொட்டாசியம்) என்று பரிந்துரைக்கிறது. தழைச்சத்தைப் போல இரண்டு மடங்கு மணிச்சத்து! உருளை அவ்வளவையும் தின்பதில்லை. மண் பிடித்துக்கொள்வதற்கும் சேர்த்துப் போட வேண்டியிருக்கிறது. போட்ட மணிச்சத்தில் கால் பங்குகூட அந்தப் பருவத்துப் பயிருக்குப் போய்ச் சேராது. மூன்று மாதத்தில் கிழங்கு எடுத்தாக வேண்டிய எங்களுக்கு வேறு வழியில்லை.

புல்லுக்கு அந்த அவசரம் கிடையாது. அதனிடம் வேறு ஏற்பாடுகள் இருக்கின்றன, அவற்றில் முதலாவது பூஞ்சை.

ஒரு வேர் தன்னைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தூரத்தில் இருக்கும் பாஸ்பேட்டை (செடி எடுக்கும் வடிவிலுள்ள பாஸ்பரஸை) எடுத்து முடித்ததும் அங்கே வெறுமை வந்துவிடுகிறது. பாஸ்பேட் தண்ணீரோடு ஓடி வரும் ஜாதி இல்லை, அங்குலம் நகரவே யோசிக்கும். அந்த வெறுமையைத் தாண்டிப் போக வேண்டும். வேரே நீண்டுகொண்டு போவது செலவு அதிகம். அதனால் செடி கூலிக்கு ஆள் வைத்துக்கொள்கிறது. வேருக்குள் குடியேறும் மைக்கோரைசா பூஞ்சைக்குச் சர்க்கரையும் கொழுப்பும் கொடுக்கிறது. பூஞ்சை தன் இழைகளை வேருக்கு வெளியே சென்டிமீட்டர் கணக்கில் பரப்பி, அங்கிருந்து பாஸ்பேட்டையும் துத்தநாகத்தையும் செம்பையும் எடுத்து வந்து தருகிறது. இழை ஒவ்வொன்றும் தலைமுடியைவிடப் பத்து மடங்குக்கும் மேல் மெல்லியது. மண் துகளுக்கு நடுவில் எந்த வேரும் நுழையாத இடுக்கில் அது நுழையும். செடி தயாரிக்கும் உணவில் 4 முதல் 20 விழுக்காடு வரை இந்தக் கூலிக்கே போகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சின்னத் தொகை இல்லை. ஸ்காட்லாந்தில் கிடைத்த 40 கோடி ஆண்டுப் பழமையான செடிப் புதைபடிவங்களிலேயே இந்தக் கூட்டு தெரிகிறது. வேர் என்ற ஒன்று சரியாக உருவாவதற்கு முன்பே பூஞ்சை வந்து சேர்ந்துவிட்டது என்றுகூடச் சொல்லலாம்.

எல்லாச் செடிக்கும் இந்தத் தேவை ஒரே அளவில் இருக்காது. வெப்ப நாட்டுப் புற்கள் இதை மிகவும் நம்பி வாழ்பவை. அமெரிக்காவின் கன்சாஸ் புல்வெளிகளில் ஆண்ட்ரோபோகன் இனப் புல்லைப் பூஞ்சை இல்லாத மண்ணில் வளர்த்துப் பார்த்தார்கள், குட்டையாகவே நின்றுவிட்டது. நம் மலையில் நிற்கும் கிரைசோபோகன், தெமெடா, அருண்டினெல்லா, இஸ்கேமம், சிம்போபோகன் எல்லாம் அந்தப் பெரிய வெப்பப் புல் கூட்டத்தின் உறவினர்தான்.

இதில் உங்கள் எஸ்டிமேட்டுக்கு நேரடியாகச் சம்பந்தமுள்ள விஷயம் ஒன்று உண்டு. மணிச்சத்து தாராளமாகக் கிடைத்தால் செடி பூஞ்சைக்குக் கொடுக்கும் சர்க்கரையைக் குறைத்துவிடும், வேருக்குள் பூஞ்சையின் குடியிருப்பும் சுருங்கும். ஆக, குழியில் போட்ட டி.ஏ.பி. மண்ணில் சிக்கிக்கொள்வதோடு நிற்பதில்லை. உரம் தீர்ந்த பிறகு அந்த நாற்று எதை நம்பிப் பிழைக்க வேண்டுமோ அந்தக் கூட்டையே தொடக்கத்தில் கலைத்துவிடுகிறது. முதல் ஆண்டு போட்டோவில் பச்சையாகத் தெரியும். நிதி கொடுத்தவர்களும் சந்தோஷப்படுவார்கள். மூன்றாம் ஆண்டு போய்ப் பார்க்க வேண்டும்.

பூஞ்சை தூரம் போகும், ஆனால் இரும்பிடம் இறுகிய பாஸ்பேட்டை உடைப்பதில் அதற்குப் பெரிய சாமர்த்தியம் இல்லை. அந்த வேலையில் வேரும், வேரை ஒட்டி வாழும் பாக்டீரியாவும் கை கொடுக்கின்றன. சிட்ரிக், மாலிக் போன்ற அமிலங்களைக் கசியவிட்டு இரும்பையும் அலுமினியத்தையும் பற்றிக்கொண்டு பாஸ்பேட்டை விடுவிக்கின்றன. வேர் நுனியை அலுமினியம் தீண்டாமல் காப்பதும் இதே அமிலங்கள்தான். மக்கிய பொருளுக்குள் இருக்கும் பாஸ்பரஸை வெட்டி எடுக்க பாஸ்படேஸ் என்ற நொதியும் வேரிலிருந்து வெளியே வருகிறது. மண்வள அட்டையில் ‘மணிச்சத்து குறைவு’ என்று வருவதன் பொருள் இப்போது புரியும். ஆய்வுக்கூடம் அமில மண்ணுக்கு ஏற்ற கரைசலை ஊற்றி, எளிதில் கிடைக்கக்கூடிய பகுதியை மட்டும் அளக்கிறது. அந்த அளவுகோல் உருளைக்கும் கோசுக்கும் வைத்தது. காட்டுப் புல் தொடுகிற சத்து அந்தக் குடுவையில் முழுதாக வராது. அட்டையின் பரிந்துரைப் பகுதியை அப்படியே எஸ்டிமேட்டில் ஏற்றுவது, மீனுக்குக் குடை வாங்குகிற வேலை.

தழைச்சத்துக்கு வருவோம். மண்ணுக்குள் நைட்ரஜன் நிறைய இருக்கிறது, ஆனால் மக்கிய பொருளுக்குள் புரதமாகவும் அதைவிடச் சிக்கலான பொருளாகவும் பூட்டியிருக்கிறது. பாக்டீரியாக்கள் அதை அம்மோனியமாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றித் தருவது குளிரிலும் அமிலத்திலும் மெதுவாகவே நடக்கும். நைட்ரேட்டாக மாறியதும் இன்னொரு தொல்லை: மண் துகள் அதைப் பிடித்து வைக்காது, மழை கொண்டுபோய்விடும். அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது நினைவிருக்கும். அப்படிப்பட்ட மலையில் நைட்ரேட் எத்தனை நாள் தங்கும்? யூரியா போட்டாலும் பெரும் பங்கு அணைக்குத்தான் போய்ச் சேரும். சில வெப்பநாட்டுப் புற்கள் இதற்கும் ஒரு வழி வைத்திருக்கின்றன. அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாவைத் தடுக்கும் பொருளைத் தம் வேரிலிருந்தே கசியவிடுகின்றன. ஐவரி கோஸ்டில் லாம்டோ புல்வெளியில் இதைக் கவனித்தார்கள். பிராக்கியாரியா என்ற தீவனப் புல்லின் வேரிலிருந்து அந்தப் பொருளைப் பிரித்தெடுத்து 2009-ல் பெயரும் வைத்தார்கள். குளிர்ப் பிரதேசச் செடிகள் சில, பாக்டீரியா உடைத்துத் தரும் வரை காத்திராமல் அமினோ அமிலத்தையே நேராக உறிஞ்சுவதும் ஆர்க்டிக், ஆல்பைன் நிலங்களில் உறுதியாகியிருக்கிறது.

புல்வெளி என்றாலே புல் மட்டும் என்று எண்ணிக்கொள்கிறோம். நடுவில் நிற்கும் மற்றவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பிழைப்பு. சிவப்புப் பூ பூத்து நிற்கிறதே ரோடோடெண்ட்ரான், நம் ஆட்கள் காட்டுப் பூவரசு என்பார்கள், அதன் வேர் நுனிகள் மயிரிழை போல இருக்கும். அதற்குள் சுருண்டு வாழும் பூஞ்சை வேறு வகை. அது மக்கிய பொருளுக்குள் இருக்கும் புரதத்தையும், செத்த பூச்சி ஓட்டையும்கூட உடைத்து நைட்ரஜன் எடுத்துத் தரும். ஊட்டிக் கடைகளில் விற்கும் விண்டர்கிரீன் தைலம் எடுக்கும் செடி, காட்டு வேக்சினியம், இரண்டுக்கும் இதே ஏற்பாடுதான். அமிலம் நிறைந்த கறுப்பு மண்தான் இவற்றுக்கு வீடு. டோலமைட் தூவி மண்ணைத் ‘திருத்தினால்’ இவை முதலில் முறுக்கிக்கொள்ளும்.

ஆகஸ்ட், செப்டம்பரில் ஈரமான சரிவில் குனிந்து தேடினால் டிரோசிரா தெரியும். இலையின் மயிர் நுனியில் பசைத் துளி மின்னும், சின்னப் பூச்சி ஒட்டிக்கொண்டால் மெல்ல மடிந்துகொள்ளும். வேர் தர முடியாத நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் அது காற்றிலிருந்து பிடிக்கிறது, பூச்சி உருவில். சதுப்பு ஓரத்தில் நீலமும் ஊதாவுமாகச் சின்னப் பூ வைத்திருக்கும் யூட்ரிகுலேரியா, மண்ணுக்கடியில் குண்டூசித் தலை அளவுப் பைகளை வைத்து நுண்ணுயிர்களை உறிஞ்சி இழுக்கிறது. இந்த இரண்டையும் பார்க்கும் இடத்தில் மண் ஏழை மண் என்பதற்கு வேறு சோதனையே வேண்டாம். இங்கே எருவைக் கொட்டினால் பக்கத்துப் புல் உயர்ந்து நிழல் விழுந்து இவை காணாமல் போகும்.

திருட்டும் உண்டு. பெடிகுலாரிஸ், சோபூபியா, தீசியம் இவையெல்லாம் பச்சை இலையோடு நல்ல பிள்ளை போல நிற்கும். மண்ணைத் தோண்டினால் அவற்றின் வேரிலிருந்து உறிஞ்சு வேர்கள் பக்கத்துப் புல்லின் வேரைக் கவ்விப் பிடித்திருக்கும். கரும்பிலும் சோளத்திலும் சுடுமல்லி செய்கிற அதே வேலைதான். விவசாயிக்குக் கேட்டவுடன் கை பரபரக்கும். ஆனால் புல்வெளியில் இந்தத் திருடர்கள் வேண்டும். வீரியமான புல்லின் வேகத்தை அவை குறைப்பதால்தான் நடுவில் சின்னச் செடிகளுக்கு இடம் கிடைக்கிறது. இங்கிலாந்தில் பழைய புல்வெளியை மீட்பவர்கள், இதே போன்ற அரை ஒட்டுண்ணியான ரைனாந்தஸ் விதையைக் காசு கொடுத்து வாங்கித் தூவுகிறார்கள்.

பயறு வகைச் செடிகளும், குரோட்டலேரியா, இண்டிகோஃபெரா, ஸ்மித்தியா என்று இருக்கின்றன. வேர் முடிச்சில் காற்று நைட்ரஜனைப் பிடிப்பவை. இந்த மண்ணில் அவை சிறிதாக, சிதறலாகத்தான் நிற்கும், ஏனென்றால் முடிச்சு வேலை செய்ய மணிச்சத்தும் மாலிப்டினமும் தேவை, அமில மண்ணில் இரண்டும் அரிது. சாடிரியம் போன்ற தரை ஆர்க்கிடுகளின் விதையோ தூசு மாதிரி. உள்ளே சேமித்த உணவே கிடையாது. மண்ணில் சரியான பூஞ்சை வந்து ஊட்டினால்தான் முளைக்கும். அதைப் பாலித்தீன் பையில் வளர்த்துக் கொண்டுவந்து நட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பிடிப்பது ஒரு பக்கம், பிடித்ததை விடாமல் வைத்திருப்பது இன்னொரு பக்கம். டிசம்பரில் உறைபனி விழுந்து புல்வெளி பழுப்பாகும்போது ‘காய்ந்துவிட்டது’ என்கிறோம். காய்வதற்கு முன்பே இலையிலிருந்த நைட்ரஜனிலும் பாஸ்பரஸிலும் ஏறத்தாழப் பாதியைப் புல் அடித்தூருக்கும் வேருக்கும் இறக்கிவிடுகிறது. கோடை மழையின் முதல் தூறலுக்கு வருகிற தளிர் அந்தச் சேமிப்பில் வருவது. ஜனவரிப் புல்லை எருமை ஏன் அசட்டையாக மெல்லுகிறது என்று தோடர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் புல்வெளியைத் திட்டுத் திட்டாகக் கொளுத்தி வந்ததற்கும் இதில் தொடர்பு உண்டு. சத்து இறங்கிய காய்ந்த தாளை எரித்தால் நைட்ரஜன் கொஞ்சம் புகையோடு போகும், ஆனால் பொட்டாசியமும் சுண்ணாம்பும் பாஸ்பரஸும் சாம்பலாக அங்கேயே விழும். எருமை பகலில் மேய்ந்த சத்து இரவில் தோடர் குடியிருப்பைச் சுற்றிச் சாணமாகச் சேரும். கோயில் கூரைக்கு அவர்கள் வேயும் சதுப்புப் புல் எங்கே இன்னும் செழித்திருக்கிறது, எங்கே மறைந்தது என்பது அவர்களுக்கு மனப்பாடம். திட்ட அறிக்கை எழுதும் முன் அந்தப் பெரியவர்களோடு உட்கார்ந்து பேசியிருக்கிறீர்களா?

குறிஞ்சியும் இதே வழிதான், நிதானமாக. 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது. இடைப்பட்ட 12 ஆண்டில் தண்டிலும் இலையிலும் சேர்த்ததை ஒரே பருவத்தில் விதையில் போட்டுவிட்டு, மீதியை மண்ணிலேயே விட்டுச் சாகிறது. அடுத்த தலைமுறை முளைப்பது அதற்குள்தான்.

சரி, இத்தனையும் இருக்கட்டும், கொஞ்சம் உரம் சேர்த்தால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்கலாம். பதில் 1856-லிருந்து இருக்கிறது. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் பண்ணையில் லாஸ், கில்பர்ட் என்ற இருவர் ஒரு பழைய புல்வெளியைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு உரம் போட ஆரம்பித்தார்கள். உலர்புல் விளைச்சல் எதில் கூடும் என்று பார்ப்பதுதான் அவர்கள் நோக்கம். இன்றும் அந்தச் சோதனை நடக்கிறது. உரமே காணாத பாத்தியில் சுமார் 40 வகைச் செடிகள் நிற்கின்றன. அம்மோனியம் சல்பேட் தொடர்ந்து போட்ட பாத்தியில் இரண்டு மூன்று வகைப் புல் மட்டும் மிச்சம். விளைச்சல் கூடியது உண்மை. புல்வெளி என்ற ஒன்று அங்கே இல்லை. தழைச்சத்தைவிட மணிச்சத்து இன்னும் மோசமாகப் பிடித்துக்கொள்ளும். ஐரோப்பாவில் உரம் போட்டு விட்ட வயல்களில் பத்தாண்டுகள் கடந்தும் மண்ணில் பாஸ்பரஸ் அப்படியே இருக்க, அரிய செடிகள் திரும்பி வர மறுக்கின்றன.

நம் மலையில் அந்த உரம் போடும் வேலையைச் சீகை ஏற்கெனவே செய்து முடித்துவிட்டது, இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. வாட்டில் என்கிற சீகை காற்றிலிருந்து நைட்ரஜன் பிடிக்கும் மரம். ஸ்காட்ச் புரூமும் கோர்ஸும் அதே ரகம். பல பத்தாண்டுகளாக இலை உதிர்த்து உதிர்த்து, தழைச்சத்து இல்லாமலே பழகிய மண்ணில் தழைச்சத்தை ஏற்றி வைத்திருக்கின்றன. அப்புறம் விதை. சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டு உறங்கும், தீ பட்டால் விழித்துக்கொள்ளும். ஆக, வெட்டிய இடம் பசித்த இடம் இல்லை, அளவுக்கு மேல் தின்ற இடம். அங்கே போய் டி.ஏ.பி.யும் எருவும் போட்டால் முந்திக்கொண்டு வருவது யார்? கென்யாவிலிருந்து வந்த கிக்குயு புல், யூப்பட்டோரியம் என்ற களை, மீண்டும் சீகை. எல்லாமே தழைச்சத்தைக் கண்டால் துள்ளுகிற வகை. உள்ளூர்ப் புல் மெதுவாக வளரப் பழகியது, இந்தப் போட்டியில் தோற்றுப்போகும்.

எனவே சீகை வெட்டிய இடத்தில் சத்தைக் குறைப்பதுதான் வேலை. இலையோடு கூடிய கிளையையும் காயையும் அங்கேயே மக்க விடாதீர்கள், வெளியே கொண்டுபோங்கள். விறகுக்கு ஆள் கிடைக்கும். மழைக்குப் பிறகு மண் இளகியிருக்கும்போது நாற்றைக் கையால் பிடுங்க ஆள் போடுங்கள், ஒரு தடவையோடு நிறுத்தாமல் ஆண்டாண்டாக. கிக்குயு ஏறிவிட்ட இடத்தில் அறுத்து, அறுத்ததை வெளியே எடுங்கள். ஒவ்வொரு கட்டுப் புல்லோடும் கொஞ்சம் தழைச்சத்து வெளியேறும். மரத்தூள் பரப்பினால் அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் மண்ணின் நைட்ரஜனையும் சேர்த்து இழுத்துக் கட்டிவைக்கும். வட அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் செய்து பார்த்த முறை இது, பலன் இடத்துக்கு இடம் மாறியிருக்கிறது. ஒரு பாத்தியில் செய்து பாருங்கள், மலை முழுக்க வேண்டாம். செங்குத்தான சரிவில் மட்டும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வழித்துவிடாதீர்கள். தென்மேற்குப் பருவமழை வந்தால் புல்லுக்கு முன்னால் மண்ணே கிளம்பிவிடும்.

நாற்றங்காலைப் பற்றி ஒரு வார்த்தை. மேட்டுப்பாளையம் தாண்டி வரும் செம்மண்ணில் இந்த மலையின் பூஞ்சை இருக்காது, சமவெளிக் களை விதை இருக்கும். பாக்கெட்டில் விற்கும் ‘வேம்’ என்கிற மைக்கோரைசா பூஞ்சை, தோட்டக்கலைப் பயிருக்காக வளர்த்த ஒன்றிரண்டு வகை. புல்வெளி மண்ணில் இருப்பது பெரிய கூட்டம். அந்தக் கூட்டத்தை எப்படிக் கொண்டுவருவது என்பதற்கு 2016-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வு நல்ல வழி காட்டியது. கைவிட்ட வயல்களில், நல்ல புல்வெளியிலிருந்து எடுத்த மண்ணை ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்த கனத்தில் தூவினார்கள். சில ஆண்டுகளில் அந்த இடம் புல்வெளிப் பக்கம் திரும்பியது. புதர் நிலத்து மண்ணைத் தூவிய இடம் புதர் நிலமாகத் திரும்பியது. ஆனால் இதற்காக நல்ல புல்வெளியைக் கொத்திவிடாதீர்கள். ரோடு அகலப்படுத்துவதற்கும் கட்டடத்துக்கும் எப்படியும் தோண்டப்போகிற புல்தரை ஆண்டுதோறும் நம் மாவட்டத்தில் இருக்கிறது. அந்த மேல்மண்ணையும் புல் பத்தையையும் குப்பையோடு கொட்டாமல் உங்கள் நாற்றங்காலுக்குத் திருப்பச் சொல்லி ஒரு கடிதம் போட்டால் போதும், செலவே இல்லை.

எங்கள் பக்கத்தையும் விட்டுவிட முடியாது. காய்கறித் தோட்டங்கள் சரிவில் மேலே, சதுப்பு கீழே. நாங்கள் போடும் மணிச்சத்து மண்ணோடு கழுவி சதுப்பில்தான் இறங்குகிறது. மீட்பு இடத்துக்கு மேலே தோட்டம் இருந்தால், நடுவில் ஒரு புல் வரப்பு விடச் சொல்லி எங்களிடம் பேசுங்கள். எஸ்டிமேட்டில் அதற்கு ஒரு தொகை இருந்தால் சங்கத்துக்காரர்கள் மறுக்க மாட்டார்கள்.

இனி நான் கேட்பது. அடுத்த நடவுக்கு முன், ஒவ்வொரு மீட்பு இடத்திலும் உரம் போட்ட பகுதி எது, போடாத பகுதி எது என்று கல் நட்டுக் குறியுங்கள். இதுவரை போட்டது போட்டதாகவே இருக்கட்டும், ஒப்பிட்டுப் பார்க்க அதுவே உதவும். இரண்டிலும் எத்தனை வகைச் செடி நிற்கிறது என்று ஆண்டுக்கு ஒரு முறை, அக்டோபர் வாக்கில், கல்லூரிப் பிள்ளைகளை வைத்து எண்ணி, எண்ணிக்கையை மாவட்ட வன அலுவலகப் பலகையில் ஒட்டுங்கள். டெண்டர் நிபந்தனையில் ‘உரம், சுண்ணாம்பு, வெளி மண் கூடாது’ என்று ஒரு வரி சேருங்கள். ஒப்பந்தக்காரருக்குப் பணம் கொடுப்பதை முதல் ஆண்டுப் பச்சையை வைத்துத் தீர்மானிக்காமல் மூன்றாம் ஆண்டுக் கணக்கை வைத்துத் தீர்மானியுங்கள். உரம் போடாத பாத்தி தோற்று, போட்ட பாத்தியில் உள்ளூர்ச் செடி வகை கூடியிருந்தால் என்னைக் கூப்பிடுங்கள். கொட்டகையில் இருக்கும் மூட்டைகளை நானே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
குந்தாப் பக்கத்துக் காய்கறி விவசாயி ஒருவன்